எம்ஜிபி வாங்கும்போது முதலில் குனிந்து பாருங்கள்

இங்கிலாந்தின் பர்மிங்காமில் வசிக்கும் வாசகர் ஒருவர், எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் கேட்கிறார்: “எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று வாங்க நெடுநாள் ஆசை. கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று 1972 குரோம் பம்பர் மாடல், புதுப் பெயின்ட் அடித்துப் பளபளக்கிறது. இன்னொன்று 1978 ரப்பர் பம்பர் மாடல். பெயின்ட் மங்கியிருக்கிறது, ஆனால் பழுது பார்த்த ரசீதுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இன்ஜின் நன்றாக ஓடுகிறதா என்று பார்த்தால் போதுமா?”

போதாது. இந்த வண்டியில் இன்ஜினைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். 1798 சிசி பி-சீரீஸ் இன்ஜினுக்கு இன்றைக்கும் எல்லாப் பாகமும் நியாயமான விலையில் கிடைக்கும். ஓய்ந்துபோன இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் எம்ஜிபிக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. பாடியேதான் சேஸி. அது துருப்பிடித்தால் வண்டி விலையைவிட வெல்டிங் செலவு அதிகமாகிவிடும். அதனால் நீங்கள் விலை கொடுப்பது இரும்புக் கூட்டுக்கு என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

கூரை இல்லாத ரோட்ஸ்டரில் மொத்த பலமும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் இருக்கிறது. வெளியே தெரியும் தகடு அதில் ஒரு பகுதிதான். உள்ளே நிமிர்ந்து நிற்கும் தகடு ஒன்று, அடியில் பல் பல்லாக வெட்டிய ‘காஸில் ரெயில்’ ஒன்று. இவை எல்லாம் சேர்ந்துதான் பெட்டி போன்ற உறுதியைத் தருகின்றன. முறையாக மாற்ற முன் விங்கை (முன் சக்கரத்துக்கு மேல் இருக்கும் பாடித் தகட்டை) கழற்ற வேண்டும், பின் விங்கின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும். இந்த உழைப்புக்கு அஞ்சி, உளுத்துப்போன சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். புதுப் பெயின்ட் அடித்த வண்டி என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கதவின் முன் ஓரத்துக்குக் கீழே முன் விங்கும் சில்லும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரிய வேண்டும். அது மறைந்து ஒரே பரப்பாக இருந்தால் பட்டி வேலை நடந்திருக்கிறது. மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைச் சில் நெடுக நகர்த்துங்கள். எங்கே பிடி தளர்கிறதோ அங்கே பட்டி தடிப்பாக இருக்கிறது. அப்புறம், உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, சில்லில் இருக்கும் ஜாக் இடத்தில் வண்டியைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது கதவின் பின் ஓரத்து இடைவெளியையே பாருங்கள். அது மாறி, கதவு திறக்க மறுத்தால் வண்டி நடுவில் மடங்குகிறது என்று அர்த்தம். நொறுங்கும் சத்தம் கேட்டாலோ உடனே இறக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.

இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் பேட்டரி மூடி இருக்கும். 1972 வண்டியில் அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்தன. பலர் ஒரே 12 வோல்ட் பேட்டரியாக மாற்றியிருப்பார்கள், அது குறையில்லை. ஆசிட் தின்ற பெட்டிதான் குறை. அதற்குப் பக்கத்திலேயே பின் ஸ்பிரிங்கின் முன்முனை பாடியோடு சேரும் இடம் இருக்கிறது. அதையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது ஓட்டலாம். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது. வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது 10 முதல் 25 வரை சரி. கொஞ்சம் ஆயில் கசிவது இந்த இன்ஜினுக்குச் சகஜம், நீலப்புகை சகஜமில்லை. ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கம்பிச் சக்கரம் என்றால், முன்னும் பின்னும் நகர்த்தும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தால் ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கலாம்.

காகிதங்களைப் பொறுத்தவரை, பதிவு எண்ணை வைத்து எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சோதனையாளர் ‘துரு’ என்று எழுதிய இடமும், அதன்பின் ரசீதில் வெல்டிங் பதிவும் பொருந்தினால் நல்ல அறிகுறி. 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதவரை, எம்ஓடி கட்டாயமில்லை. சாலை வரியும் இல்லை. அதனால் சில வண்டிகள் பல வருடம் யாரும் அடியில் பார்க்காமலேயே ஓடுகின்றன. விற்பவரிடம் “ஒரு எம்ஓடி எடுத்துத் தாருங்கள், செலவு என்னுடையது” என்று கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் கேளுங்கள்.

1972 வண்டியின் சேஸி எண் (வண்டியின் அடையாள எண்) ‘ஜிஹெச்என்5’ என்று தொடங்கி அடுத்து ‘யு’ வந்தால் அது அமெரிக்காவுக்குப் போன, ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்த வண்டி. இப்போது ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால் பிறகு மாற்றியிருக்கிறார்கள். வறண்ட மாநிலத்தில் இருந்து வந்திருந்தால் பாடி நன்றாகவே இருக்கலாம். விற்பவர் அதை மறைக்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

இரண்டில் எது என்றால், நான் முதலில் 1978-ஐப் போய்ப் பார்ப்பேன். அமெரிக்க விதிகளுக்காக 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வைத்து வண்டியையும் உயர்த்தியதில் வளைவுகளில் சாய்வு கூடியது. 1977 மாடலில் முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பார் (சாய்வைக் குறைக்கும் கம்பி) கொடுத்ததால் நீங்கள் பார்க்கும் வண்டி அந்த ஆரம்ப ரப்பர் பம்பர்களைவிடப் பிடிப்பாகப் போகும். குரோம் பம்பருக்கு இருக்கும் மவுசு இதற்கு இல்லாததால் விலையும் குறைவு. மங்கிய பெயின்ட் எதையும் மறைக்காது. இதன் சில் திடமாக இருந்து, ரசீதுகளில் வெல்டிங் வேலையின் படங்களும் இருந்தால் தயங்காமல் பேரம் பேசுங்கள். 1972 வண்டியும் ஜாக் சோதனையில் தேறி, பெயின்ட் அடிக்குமுன் எடுத்த படங்களைக் காட்டினால், கூடுதல் விலை கொடுக்கத் தகுந்ததுதான்.

எதை வாங்கினாலும் முதல் வாரத்திலேயே பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. பழைய ரப்பர் அதைத் தாங்காது. எத்தனால் குறைவான சூப்பர் கிரேடு இ5 போடுங்கள். சிலிண்டர் ஹெட்டில் ஈயமில்லாப் பெட்ரோலுக்கான கடின வால்வ் சீட் போட்டிருக்கிறதா என்பதையும் ரசீதில் தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது போட்டுக்கொள்ளலாம்.