பிராட்வேயில் தள்ளுபடி டிக்கெட்: யாரிடம் வாங்கலாம், யாரிடம் வாங்கக் கூடாது?

கேள்வி: மகளுடன் இரண்டு மாதம் தங்குவதற்காக ஜெர்சி சிட்டிக்கு வந்திருக்கிறோம். ஊர் திரும்புவதற்குள் ஒரு நாள் இரவாவது நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் இசை நாடகம் பார்க்க வேண்டும் என்று என் மனைவி ஆசைப்படுகிறார். இணையத்தில் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. டைம்ஸ் ஸ்கொயரில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த ஓர் இளைஞர், ரொக்கமாகக் கொடுத்தால் பாதி விலைக்கே டிக்கெட் தருவதாகச் சொன்னார். அவரிடம் வாங்கலாமா? மலிவு டிக்கெட் என்றால் மூலையில்தான் உட்கார வைப்பார்களா? மனைவிக்கு முழங்கால் வலி வேறு இருக்கிறது.

பதில்: அந்த இளைஞரிடம் வாங்காதீர்கள். கழுத்தில் தொங்கும் அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அந்தச் சதுக்கத்தில் நின்று டிக்கெட் விற்கும் பலர் உண்மையில் விற்பது நகைச்சுவை அரங்குகளின் அனுமதிச் சீட்டுகளை. பிராட்வே என்ற பெயர் உங்களை நிறுத்திப் பேச வைப்பதற்கான தூண்டில் மட்டுமே. இன்னும் சிலர் அச்சிட்ட சீட்டையோ கைப்பேசியில் ஒரு படத்தையோ காட்டி ரொக்கம் கேட்பார்கள். அது செல்லாத சீட்டு என்பது அரங்க வாசலில் ஸ்கேன் செய்யும்போதுதான் தெரியவரும், அப்போது பணம் வாங்கியவரை எங்கே போய்த் தேடுவது?

தெருவில் நிற்பவராவது கண்ணுக்குத் தெரிகிறார். நான் அதிகம் அஞ்சுவது, உங்கள் மகள் கணினியைத் திறந்து நாடகத்தின் பெயரைத் தட்டியவுடன் முதல் வரிசையில் வந்து நிற்கும் இணையதளங்களைத்தான். அந்த முதல் வரிசை பெரும்பாலும் பணம் கட்டிப் போடப்பட்ட விளம்பரம். அரங்கத்தின் பெயரையே தன் முகவரிக்குள் வைத்துக்கொண்டு, அரங்கத்தின் படத்தையும் போட்டுக்கொண்டு, தானே அதிகாரபூர்வ விற்பனையாளர் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளும்படி நடந்துகொள்ளும் இந்தத் தளங்கள், வேறொருவர் வாங்கிய டிக்கெட்டை மேல்விலைக்கு மறுவிற்பனை செய்பவை. நம் ஊர்த் திரையரங்க வாசலில் பிளாக்கில் விற்றவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கையில் டிக்கெட்டாவது இருந்தது. இங்கே சில தரகர்கள், கையில் டிக்கெட்டே இல்லாமல் முதலில் உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, பிறகுதான் எங்காவது மலிவாகக் கிடைக்கிறதா என்று தேடப் போகிறார்கள். கிடைக்காவிட்டால் நாடகத்தன்று மாலை உங்களுக்கு ஒரு வருத்தக் கடிதம் வரும்.

கணினி நிரல்களை வைத்து டிக்கெட்டுகளை மொத்தமாக வாரிக்கொள்வதை அமெரிக்கா 2016-இலேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. தரகர்கள் மறைந்துவிட்டார்களா என்பதற்கு உங்கள் மகளின் கணினித் திரையே பதில் சொல்லும். முதலில் ஒரு விலையைக் காட்டி, கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைக் கூட்டும் வித்தைக்கும் ஒரு விதி வந்தது: 2025 மே 12 முதல், நேரடி நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுக்கு முழு விலையையும் தொடக்கத்திலேயே காட்டியாக வேண்டும். காட்டச் சொன்னார்களே தவிர, குறைக்கச் சொல்லவில்லை. ஒரு நாடகம் பார்க்க ஆசைப்படும் குடும்பம் இவ்வளவு சூதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஓர் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

இணையத்தில்தான் வாங்க வேண்டும் என்றால், அந்த நாடகத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், அங்குள்ள டிக்கெட் பொத்தானை அழுத்துங்கள். அரங்கின் உரிமையாளரைப் பொறுத்து அது டெலிசார்ஜ், டிக்கெட்மாஸ்டர், சீட்கீக் போன்ற ஒரு விற்பனைத் தளத்துக்கு உங்களைக் கொண்டுபோகும். அங்கேயும் கவனம் தேவை. சில தளங்களில் அரங்கமே விற்கும் இருக்கைகளும் மறுவிற்பனை இருக்கைகளும் ஒரே வரைபடத்தில் கலந்து கிடக்கும். மறுவிற்பனை என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அட்டை எண்ணைக் கொடுங்கள். இதைவிட நல்ல வழி, நேராக அரங்கத்துக்கே நடந்துபோய்ப் பாக்ஸ் ஆபீஸ் கவுண்டரில் வாங்குவது. இணையத்தில் வாங்கும்போது சேரும் சேவைக் கட்டணம் அங்கே கிடையாது. ஜெர்சி சிட்டியில் இருக்கும் உங்களுக்கு அது ஒரு ரயில் பயண தூரம்தான்.

இனி, நீங்கள் கேட்ட தள்ளுபடிக்கு வருகிறேன். டைம்ஸ் ஸ்கொயரில் 47ஆம் தெரு பிராட்வே சாலையைச் சந்திக்கும் இடத்தில், சிவப்புப் படிக்கட்டுகளுக்கு அடியில் டி.கே.டி.எஸ். என்ற கவுண்டர் இருக்கிறது. 1973 முதல் தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை நடத்தி வருகிறது. அரங்கங்கள் தங்களிடம் விற்காமல் மிஞ்சும் இருக்கைகளை அங்கே கொடுத்துவிடுகின்றன. எந்த நாடகத்துக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பது மின்பலகையில் ஓடிக்கொண்டிருக்கும்; பெரும்பாலும் 20 முதல் 50 சதவீதம் வரை இருக்கும், டிக்கெட்டுக்கு ஒரு சிறு சேவைக் கட்டணம் சேரும். அந்தப் பலகையை இவர்களின் கைப்பேசிச் செயலியிலும் பார்க்கலாம் என்பதால், கிளம்புவதற்கு முன்பே மகளிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். திறக்கும் நேரத்துக்கு முன்பே போய் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டிய அவசியமில்லை; அரங்கங்கள் நாள் முழுவதும் புதிய இருக்கைகளை விட்டுக்கொண்டே இருப்பதால், கூட்டம் கரைந்த பிறகு மாலையில் போனவர்களுக்கும் நல்ல இடம் கிடைப்பதுண்டு. வரிசையில் நிற்கும்போது யாராவது அருகில் வந்து, அந்த நாடகம் விற்றுத் தீர்ந்துவிட்டது, என்னிடம் இருக்கிறது என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இந்தத் தள்ளுபடிக்கு நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது இருக்கையின் தரத்தையல்ல, தேர்ந்தெடுக்கும் உரிமையை. எல்லோரும் பேசும் நாடகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் தள்ளுபடியை மறந்துவிடுங்கள், அது பலகையில் ஏறுவது அரிது. பிடித்த மூன்று நான்கு பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டு, எது வந்தாலும் சரி என்று போனால், பல நேரங்களில் தரைத்தளத்தின் நடுப்பகுதியிலேயே உட்காரலாம். பக்கவாட்டு இருக்கையா, மேடையின் ஒரு பகுதி மறையும் இருக்கையா என்று வாங்குவதற்கு முன் கவுண்டரில் தயங்காமல் கேளுங்கள். பார்வை மறைக்கும் இருக்கையை அப்படிச் சொல்லித்தான் விற்பார்கள். செவ்வாய், புதன், வியாழன் மாலைகளில் வாய்ப்பு அதிகம், சனிக்கிழமை இரவில் குறைவு.

உங்கள் மனைவியின் முழங்காலைப் பொறுத்தவரை ஒரே ஒரு சொல்: ஆர்கெஸ்ட்ரா. தரைத்தள இருக்கைகளுக்கு அங்கே அதுதான் பெயர். பிராட்வே அரங்கங்கள் பலவும் நூறாண்டுப் பழமையானவை. மெசனைன், பால்கனி என்னும் மாடிகளுக்குப் போக லிஃப்ட் இல்லாதவை பல. விலை குறைகிறதே என்று மாடி டிக்கெட்டை வாங்கிவிட்டு, செங்குத்தான படிகளில் அவரை ஏற்றி இறக்குவது சிக்கனமல்ல.

லாட்டரி, ரஷ் என்று வேறு இரண்டு வழிகளைப் பற்றியும் மகள் சொல்லியிருப்பார். 1996-இல் 'ரென்ட்' என்ற இசை நாடகம் முன்வரிசை இருக்கைகளை 20 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, இளைஞர்கள் இரவெல்லாம் நடைபாதையில் படுத்துக் காத்திருந்தார்கள். அதைத் தவிர்க்கக் குலுக்கல் வந்தது. இப்போது அது இணையத்தில் நடக்கிறது. விழுந்தால் பெயருள்ள அடையாள அட்டையுடன், உங்கள் விஷயத்தில் பாஸ்போர்ட்டுடன், போக வேண்டும். ரஷ் என்பது அன்று காலை பாக்ஸ் ஆபீஸ் திறந்ததும் முதலில் வருபவருக்குக் கொடுப்பது. முழங்கால் வலியுடன் அந்த வரிசை வேண்டாம். குலுக்கலில் பெயர் கொடுத்து வையுங்கள், ஆனால் அதை நம்பி மாலைத் திட்டத்தைப் போடாதீர்கள்.

வாங்கிய டிக்கெட்டைத் திருப்பித் தர முடியாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டு அரங்க வாசலில் சண்டை போடுவதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நட்சத்திரத்துக்காகவே நாடகத்துக்குப் போகிறீர்கள், அன்று அவர் நடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் அவருடைய பெயர் நாடகத்தின் தலைப்புக்கு மேலே அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே பணத்தையோ வேறு நாளுக்கான டிக்கெட்டையோ கேட்கலாம். தலைப்புக்குக் கீழே இருந்தால், எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும், அவர் வராதது உங்கள் பாடு. மேலே இருந்தாலும் திரை எழும்புவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மாற்று நடிகர் பாடுவதை இடைவேளை வரை கேட்டுவிட்டுப் பிறகு எழுந்து வந்தால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே நுழைந்ததும் முகப்புக்கூடத்தில் வைத்திருக்கும் அறிவிப்பையும், கையில் கொடுக்கும் நிகழ்ச்சிக் கையேட்டுக்குள் செருகியிருக்கும் துண்டுத்தாளையும் பாருங்கள். (மாற்று நடிகர்கள் பலர் அசலைவிட நன்றாகவே பாடுவார்கள் என்பது தனிக்கதை.) அதைவிட முக்கியமாக, பணத்தை எங்கே கட்டினீர்களோ அங்கேதான் திருப்பிக் கேட்க முடியும். தெருவில் நின்றவரிடமோ தரகர் தளத்திலோ வாங்கியிருந்தால், தலைப்புக்கு மேலே யார் பெயர் இருந்தாலும், அரங்கத்தின் கவுண்டர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது.