காருக்குள் தண்ணீர்: வழியைக் காட்டிய பிறகு காசு கொடுங்கள்

மழை தொடங்கியதிலிருந்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: காருக்குள் தண்ணீர் வருகிறது, செலவு செய்தும் நிற்கவில்லை. அவற்றில் சிலவற்றைச் சுருக்கி, இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மழை பெய்தால் முன்பக்க இடது இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. பட்டறையில் முன்கண்ணாடியைச் சுற்றிலும் சிலிக்கான் பூசி 3,500 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த மழையிலேயே மீண்டும் தண்ணீர். இப்போது கண்ணாடியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். காரை வீட்டருகே ஒரு புளியமரத்தின் கீழ் நிறுத்துகிறேன். அதனால் ஏதாவது இருக்குமா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: கண்ணாடியை மாற்றக் கொடுக்காதீர்கள். நீங்கள் கடைசியில் எழுதிய வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில், ஒரு வாய்க்கால் போன்ற பள்ளம் உண்டு. கண்ணாடியில் வழியும் மழைநீர் அதில் இறங்கி, இரு ஓரங்களிலும் உள்ள வடிதுளைகள் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். பெரிய இலைகள் மூடியின் மேலேயே தங்கிவிடும். புளியின் சிற்றிலைகளோ மூடியின் இடுக்குகளில் புகுந்து, தூசியோடு சேர்ந்து மக்கி, துளைகளை அடைத்துவிடும். வடிய வழியில்லாமல் ஏறும் தண்ணீர், ஏசிக்கு வெளிக்காற்றை எடுக்கும் திறப்பின் வழியாக உள்ளே விழும். நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் அந்தத் திறப்பு இடப்பக்கம் இருப்பதால் இடது கால்மிதிதான் முதலில் நனைகிறது. டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை உருவிப் பாருங்கள். அது நனைந்து கறை படிந்திருந்தால் காரணம் உறுதியாகிவிடும். மூடியைக் கழற்றிக் குப்பையை அள்ளிவிட்டு, பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அது கீழே வடிகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

சிலிக்கானைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதியை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம் இது. தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தேடாமல், ஈரம் தெரியும் இடத்துக்கு அருகில் இருக்கும் ஓரங்களில் எல்லாம் பசையைப் பிழிந்துவிட்டுப் பணம் வாங்குவது பழுதுபார்ப்பு ஆகாது. காருக்குள் நுழையும் தண்ணீர் தகட்டின் மடிப்புகள், ஒயர் கட்டுகள், கம்பளத்தின் அடிப்பகுதி ஆகியவற்றின் வழியே ஓடி, நுழைந்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளித்தான் தேங்கும். தூசியும் மெழுகும் படிந்த பரப்பில் சிலிக்கான் சரியாக ஒட்டுவதே இல்லை. பிறகு உண்மையாகவே கண்ணாடியை ஒட்டவோ பெயின்ட் அடிக்கவோ நேர்ந்தால், மிச்சமிருக்கும் சிலிக்கான் படலம் புதிய பசையையும் பெயின்ட்டையும் பிடிக்க விடாது. இதைவிட மோசமாக, கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்காகவே விட்டிருக்கும் துளைகளைக்கூட ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள். அந்தக் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கண்டுபிடிப்பது கடினமான வேலையும் இல்லை, பொறுமைதான் வேண்டும். கால்மிதிகளை எடுத்துவிட்டு, கம்பளத்தைத் தூக்கி உலர்த்தி, வெறும் தளத்தில் செய்தித்தாளை விரியுங்கள். ஒருவர் டார்ச் விளக்கோடு உள்ளே உட்கார, மற்றவர் சாதாரண ரப்பர் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்: முதலில் வைப்பர் பள்ளம், பிறகு கண்ணாடியின் ஓரங்கள், அதன்பின் கதவுகள், கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடங்களையும் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாது. வாட்டர் சர்வீஸ் செய்யும் உயர் அழுத்தக் குழாயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். நல்ல பீடிங்கையும் (கதவோரத்து ரப்பர் பட்டை) தாண்டி அது தண்ணீரைத் தள்ளிவிடும். பட்டறைக்காரரிடம் இந்தச் சோதனையை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் கொடுங்கள், அது நியாயமான கூலி. எந்த இடத்தில் எந்தக் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். உங்களிடம் 3,500 ரூபாய் வாங்கியவரிடம் அந்தப் பில்லைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: ஈரமான கம்பளத்தின் மேல் தடிமனான ரப்பர் மேட் போட்டால் போதுமா?
— வாசகர், தருமபுரி

பதில்: போதாது. மேட்டுக்குக் கீழே தளம் துருப்பிடிக்கும்.

கேள்வி: மழையே இல்லை. ஆனாலும் சேலம் வரை போய் வந்தால் இடது பக்கக் கால்மிதி நனைந்திருக்கிறது. ரேடியேட்டர் ஓட்டையா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: விரலால் தொட்டுப் பாருங்கள். மணமில்லாத, தெளிந்த தண்ணீர் என்றால் அது ஏசியில் குளிர்ந்து வடியும் நீர். அதை வெளியேற்றும் சிறு குழாயில் தூசியோ குளவிக்கூடோ அடைத்திருக்கிறது. ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளிலும் சொட்டவில்லை என்றால் அடைப்புதான். அடியிலிருந்து குழாயைச் சுத்தம் செய்தால் போதும். ஏசியையே பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் நிறமும் இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஹீட்டர் பகுதியில் கசிவு இருக்கும். அப்படியானால் கூலன்ட் அளவு குறைந்து எஞ்சின் சூடேறும் அபாயம் உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பழைய கார் விற்கும் ஆட்டோ கன்சல்டிங் ஒன்றில் கர்நாடகப் பதிவெண் கொண்ட காரை 4.6 லட்சத்துக்கு வாங்கினேன். தண்ணீர் கசிவு இல்லை என்று உறுதி சொன்னார்கள். மூன்றாவது வாரத்தில் கம்பளத்திலிருந்து அழுகிய வாடை. தூக்கிப் பார்த்தால் அடியில் காய்ந்த சேறு, இருக்கைத் தண்டவாளங்களில் துரு. கேட்டால், வாங்கும்போது பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள். என் சேமிப்பு முழுவதும் போய்விட்டது.
— வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் மீது தவறில்லை. வாங்குகிறவர் யாரும் கடையில் கம்பளத்தைப் பெயர்த்துப் பார்ப்பதில்லை. கேட்டதற்குப் பொய் சொன்னவர்தான் பொறுப்பு. உங்கள் காரில் இருப்பது சாதாரணக் கசிவு அல்ல. கம்பளத்துக்கு அடியில் சேறு படிந்திருந்தால், பெரும்பாலும் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2022 செப்டம்பரில் பெங்களூரு வெளிவட்டச் சாலைப் பகுதியிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டி, சாலையோரம் நின்ற வாகனங்களை அடித்துச் சென்றதை நம் மாவட்டமே பார்த்தது. இப்படி மூழ்கிய வண்டிகள் பல, காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று பணம் கொடுத்து முடித்த பிறகு, ஏலத்தில் கைமாறி, கழுவிப் பூசப்பட்டு, வேறு ஊரில் விலைக்கு வருகின்றன.

இப்போது நீங்கள் எதையும் பழுதுபார்க்க வேண்டாம், சாட்சி அழிந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அதில் கறைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி பள்ளம், ஃபியூஸ் பெட்டி, முன்விளக்கின் உட்புறம் ஆகியவற்றைப் படம் எடுங்கள். காரைத் தயாரித்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் எழுத்துப்பூர்வமான பரிசோதனை அறிக்கையும், பழைய சர்வீஸ் விவரங்களும் கேட்டு வாங்குங்கள். பிறகு விற்றவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரும்படி கேளுங்கள். மறுத்தால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வாகனம் வாங்கி விற்கும் வியாபாரிகள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்பது விதி. அந்தச் சான்று அவரிடம் இருக்கிறதா என்றும் நோட்டீஸிலேயே கேளுங்கள்.

கேள்வி: தெரிந்தவரின் உறவினரிடம் ராத்திரி நேரத்தில் பார்த்து, அவசரமாக 2.8 லட்சத்துக்குக் கார் வாங்கினேன். ரசீது எழுதவில்லை. டிக்கியில் ஸ்டெப்னி பள்ளம் முழுவதும் தண்ணீர். நுகர்வோர் வழக்குப் போடலாமா?
— வாசகர், அரூர்

பதில்: முடியாது. அவர் வியாபாரி இல்லை, தன் சொந்த வண்டியை விற்றவர். தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க முடிந்தால் சிவில் நீதிமன்றம் போகலாம். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் அதை எப்படி நிரூபிப்பீர்கள்? இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் கொடுப்பவர் பகல் வெளிச்சத்தில் டிக்கியைத் திறந்து, அட்டையைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். இனிச் செய்ய வேண்டியது: பின் இருக்கையை மடக்கி, ஒருவர் உள்ளிருந்து டார்ச் அடிக்க, வெளியே பின்விளக்குகளின் மேலும் டிக்கி பீடிங்கின் மேலும் தனித்தனியாகத் தண்ணீர் விடுங்கள். இத்தகைய கசிவில் பெரும்பாலும் பின்விளக்கின் ரப்பர் வளையம்தான் காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்றுவது சிறு செலவு.

கேள்வி: முன்கதவு ஓரமாகத் தண்ணீர் இறங்குகிறது. கதவு பீடிங் நான்கும் புதிதாக வாங்கலாமா?
— வாசகி, பென்னாகரம்

பதில்: இப்போது வேண்டாம். இதே குறைக்காக என் காருக்கு நான் ஒரு முழு செட் பீடிங் வாங்கினேன். ஒரு பயனும் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீர் கதவுக்குள் இறங்கித்தான் தீரும். அதை இருக்கைப் பக்கம் வராமல் தடுப்பது, கதவின் உள்மட்டைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாள். எனக்கு ஸ்பீக்கர் மாற்றிக் கொடுத்த கடையில் அந்தத் தாளைக் கிழித்து, திரும்ப ஒட்டாமல் மூடியிருந்தார்கள். உங்கள் காரிலும் ஸ்பீக்கரோ பவர் விண்டோவோ மாற்றியிருந்தால் அதை முதலில் பாருங்கள். பீடிங்கைச் சோதிக்க, ஒரு ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் பீடிங் நன்றாகவே இருக்கிறது.

கேள்வி: சன்ரூஃப் உள்ள கார் வாங்க ஆசை. கசியும் என்கிறார்களே?
— வாசகர், தருமபுரி

பதில்: சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுவதும் தடுப்பதற்காக அமைந்தது அல்ல, உள்ளே வரும் தண்ணீரை ஒரு தட்டு பிடித்து, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே அனுப்பும். குழாய் அடைத்தால் கூரைத் துணியில் கறை படியும். மரத்தடியில்தான் நிறுத்த முடியும் என்றால் வாங்க வேண்டாம். வாங்கினால் மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு மூலையிலும் சிறிது தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள். பலமான காற்றடித்துச் சுத்தம் செய்ய விடாதீர்கள். கூரைக்குள்ளேயே குழாய் கழன்றுவிடும்.

கேள்வி: நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரத்திலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி உடைந்தது. இன்சூரன்ஸ் கேட்காமல் வெளிக்கடையில் மலிவாக மாற்றினேன். இப்போது மேல் ஓரத்தில் தண்ணீர் வடிகிறது. மேலே பசை பூசித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர்.
— வாசகர், பர்கூர்

பதில்: பூச விடாதீர்கள். முன்கண்ணாடி காரின் கட்டுமானத்தில் ஒரு பகுதி. விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவதிலும், இடப்பக்க ஏர்பேக் பல கார்களில் அதில் மோதி விரிவதிலும் அதற்குப் பங்குண்டு. தண்ணீர் வருகிறது என்றால் ஒட்டுப் பசை அந்த இடத்தில் பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டத்தில் துரு இருந்தால் நீக்கி, யூரித்தேன் பசையால் புதிதாக ஒட்டித் தரும்படி கேளுங்கள். அது இலவசமாகச் செய்ய வேண்டிய வேலை. பசை இறுகும் வரை, பசையின் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு, வண்டியை எடுக்காதீர்கள். முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு பிடிப்பதில்லை. கட்டாயப் பங்கான 1,000 அல்லது 2,000 ரூபாய் மட்டும் கையிலிருந்து போகும். ஆனால் உரிமைகோரினால் அடுத்த ஆண்டின் நோ கிளெய்ம் போனஸ் (உரிமைகோராதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடக்கூடும் என்பதால், இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்த பிறகே கண்ணாடிக் கடைக்குப் போயிருக்க வேண்டும்.