திருச்சியிலிருந்து நெல்லைக்கு: மதுரை ஊருக்குள் போகாமல் கடக்க

வயதான அம்மாவோடு திருச்சியிலிருந்து நெல்லைக்குக் காரில் போகிறோம், மதுரை நெரிசலைத் தவிர்க்க எங்கே திரும்புவது என்று கேட்டிருந்தீர்கள். மேலூர், ஒத்தக்கடை தாண்டி உத்தங்குடி வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நேரே விட்டால் மாட்டுத்தாவணிதான், அப்புறம் சிக்னல் சிக்னலாக நிற்க வேண்டியதுதான். இடப்பக்கம் ரிங் ரோட்டைப் பிடியுங்கள். விரகனூர் சந்திப்பில் இராமேசுவரம் சாலை குறுக்கே வரும், நேரே போங்கள்.

பலர் தடுமாறுவது அடுத்து வரும் மண்டேலா நகரில். அங்கே இடப்பக்கம் திரும்பினால் அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்விடுவீர்கள். நேராகவே போய், கப்பலூரில் இடப்பக்கம் திரும்பி நான்குவழிச் சாலையில் ஏறுங்கள். பிறகு திருமங்கலம், விருதுநகர், நேரே நெல்லை. அம்மாவுக்குச் சாப்பாடு, கழிப்பறை எல்லாம் மேலூரிலேயே முடித்துக்கொள்வது நல்லது.