மண்டியிலிருந்து தெருவுக்கு: புகைப்படக் கேள்வி பதில்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் பதினாறு வருஷம் கணக்கு எழுதிவிட்டுக் கேமராவைத் தூக்கியவன் நான். தெருப் படம், ஆவணப் புகைப்படம் (நடப்பதை நடந்தபடியே பதிவுசெய்வது) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வர ராத்திரி பத்தாகிறது. போட்டோ படிப்பெல்லாம் படிக்கவில்லை. எனக்கு இது வருமாங்கண்ணா?

வரும் தம்பி. படித்துவிட்டு வந்தவர்கள்தான் இதில் குறைவு. விவியன் மேயர் சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். லீவு நாளிலும், பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகும்போதும் எடுத்துத் தள்ளியது ஒரு லட்சத்துக்கு மேல். 2007ல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வரும்வரை ஊருக்கே தெரியாது. கார்டன் பார்க்ஸ் ரயிலில் சர்வர். முதல் கேமராவை அடகுக் கடையில் ஏழரை டாலருக்கு வாங்கினார். நம் ரகு ராய் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். மதுரைப் பக்கத்துப் புகைப்படக்காரர் பழனிகுமாரின் அம்மா மீன் விற்பவர். மலக்குழியில் இறங்குகிற தொழிலாளர்களைப் பழனிகுமார் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள்.

இவர்களில் செபாஸ்தியாவோ சல்காடோவைத்தான் உங்களுக்குக் குறிப்பாகச் சொல்வேன். பிரேசில்காரர், பொருளாதாரம் படித்தவர். லண்டனில் சர்வதேசக் காபி அமைப்பில் வேலை. அதற்காக ஆப்பிரிக்கா போகும்போது மனைவி வாங்கிய கேமராவை எடுத்துப் போனார். 1973ல் வேலையை விட்டுவிட்டார். 1986ல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் மண்மூட்டையோடு ஏணி ஏறுகிற படங்களைப் பார்த்தால், கூலி என்றால் என்னவென்று கணக்குப் போட்டுப் பார்த்தவரின் கண் தெரியும். பொருளாதாரத்தை அவர் லண்டனிலேயே விட்டுவிட்டு வரவில்லை.

உங்களுக்கும் அதேதான். வெளியாள் கம்பெனிக்குள் வந்தால் வரிசையாக இருக்கிற மிஷினை எடுத்துவிட்டுப் போவான். கைமடிக்கிற பொண்ணு எத்தனை மணிக்குத் தோளைப் பிடித்துவிட்டுக்கொள்ளும், சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கியதும் யார் திரும்பி நின்று எண்ணுவார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் கம்பெனிக்குள் முதலாளி அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள், வேலை போய்விடும். லைன் வீடு, மெஸ், பஸ்ஸுக்கு நிற்கிற இடம் என்று வெளியிலிருந்து தொடங்குங்கள். வேலையையும் விடாதீர்கள். சல்காடோ விட்டாரே என்று கேட்காதீர்கள்.

என்ன கேமரா வாங்கலாம்?

இருப்பதை வைத்து எடுங்கள். போனாக இருந்தாலும் சரி.

பாலிடெக்னிக் மாணவன். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் எடுத்தால் ஆள் நகர்வதற்குள் ஃபோகஸ் போய்விடுகிறது. கேமராவோடு வந்த கிட் லென்ஸ்தான்.

நல்ல கேள்வி. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். 18-55 லென்ஸை 18ல், அதாவது அகலமான கோணத்தில் வையுங்கள். அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழைகிற துளை) எஃப் 8, ஃபோகஸ் இரண்டு மீட்டர். உங்கள் கேமராவின் சென்சார் ஏபிஎஸ்-சி அளவாக (கிட் லென்ஸோடு வரும் கேமராக்களில் பெரும்பாலும் இதுதான்) இருந்தால், ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) ஆட்டோ. அப்புறம் ஃபோகஸை மறந்துவிட்டு, துண்டுக்குக் கீழே விரலைப் பிடித்து விலை பேசும் கைகளைக் கவனிக்கலாம். லென்ஸில் தூர அளவு அச்சடித்திருக்காது. இரண்டு மீட்டர் தள்ளி ஒரு செருப்பை வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, வளையத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முப்பதாயிரத்துக்குள் எந்தக் கேமரா?

மேலே பாருங்கள்.

காங்கேயம் பக்கம் பட்டி வைத்திருக்கிறேனுங்க. கண்ணபுரம் சந்தையில் ஏழெட்டுப் பேர் கேமராவோடு வந்து, என் பூச்சிக்காளையை (பொலிகாளை) "இன்னொருக்கா ஓட்டுங்க, புழுதி கிளம்பட்டும்" என்றார்கள். மூன்று தடவை ஓட்டினேன். மாடு மிரண்டு மச்சான் காலை மிதித்துவிட்டது. இதுக்குப் பேருதான் உண்மையைப் படம் பிடிக்கறதுங்களா?

இல்லீங்க. சந்தையில் தானாகக் கிளம்பும் புழுதி வேறு, கேட்டுக் கிளப்பிய புழுதி வேறு. அடுத்த தடவை யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

(ஒரு கல்யாண போட்டோகிராபர்) அவருக்குக் காசு கொடுத்திருப்பார்களே அண்ணா. அப்புறம் என்ன குறை?

(காங்கேயத்துக்காரர்) காசெல்லாம் இல்லீங்க. ஒரு டீ.

டீயோ காசோ, பிரச்சினை அது இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளையை மறுபடி மாலை போடச் சொல்வீர்கள். அது எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. காளைக்காரரைக் காளையோடு நிற்கவைத்து நேராக எடுங்கள், அதுவும் சரி, பார்க்கிறவனுக்கு நிற்கவைத்தது தெரியும். சொல்லிச் செய்யவைத்ததை நடந்ததாகக் காட்டுவதுதான் தப்பு.

(அந்த ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்த பயிற்சி முகாம் நடத்துபவர்) மண்டியில் நீங்கள் ஒருத்தரைக்கூட வெளிச்சத்துக்கு நகரச் சொன்னதில்லையா?

சொல்லியிருக்கிறேன். முதல் வருஷம், மூட்டை தூக்குகிற ஒருவரிடம் இன்னொரு தடவை தூக்கச் சொன்னேன். பழகிய ஆள் என்பதால் தூக்கினார். படம் நன்றாக வந்தது. இரண்டு இடத்தில் காட்டினேன். அவர் முகத்தில் இருந்தது பாரம் இல்லை, என் மேல் எரிச்சல் என்று அப்புறம்தான் புரிந்தது. அந்தப் படத்தை இப்போது காட்டுவதில்லை. நான் செய்ததால் அது சரியாகிவிடாது, உங்கள் முகாமுக்கும் அதேதான். ஏழு பேரை ஒரே காளையின் முன்னால் நிறுத்தினால் ஏழு பேருக்கும் ஒரே படம்தான் கிடைக்கும். ஆளுக்கொரு பட்டிக்கு அனுப்பிப் பாருங்களேன்.

(அதே பயிற்சியாளர்) புகழ்பெற்ற படங்களில் இதெல்லாம் நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது. 1936ல் கலிபோர்னியாவில் டொரோதியா லாங்கே எடுத்த புலம்பெயர்ந்த தாய் படம் உலகத்துக்கே தெரியும். அதில் ஓரத்தில் தெரிந்த ஒரு கட்டைவிரலைப் பின்னால் அழித்தார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. படத்தில் இருக்கும் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சனை 1978ல் கண்டுபிடித்தபோது, படம் எடுத்தவர் தன் பேரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவே இல்லை என்றார். அதனால்தான் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறேன்: யாரைப் படம் எடுத்தீர்களோ அவருக்குப் பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸப்பில் அனுப்புவது கணக்கில் சேராது.

கோவை உக்கடத்தில் வேலை. பெண். தனியாகக் கேமராவோடு நின்றால் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

அம்மிணி, இதில் என் அனுபவம் உங்களுக்கு அரைகுறையாகத்தான் உதவும். நான் நின்றால் யாரும் பார்ப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஊர் சுற்றாமல் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டே இருங்கள். பூ மார்க்கெட்டில் ஒரே அக்காவிடம் பத்து நாள் பூ வாங்கினால், பதினோராவது நாள் உங்களை முறைக்கிறவனை அவரே பார்த்துக்கொள்வார். மற்றதை இந்த வேலையில் இருக்கும் பெண்களிடம் கேளுங்கள்.

கோபியில் ஓய்வுபெற்ற ஆசிரியர். கறுப்பு வெள்ளையில் சுருக்கம் விழுந்த தாத்தா பாட்டி முகங்கள் எடுக்கிறேன். சரியா?

ஐயா, அதை எல்லாரும் எடுக்கிறார்கள். உங்கள் பழைய மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? கதவைத் தட்டினால் உங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிற வீடுகள் எத்தனை இருக்கும்! எனக்கு அதில் ஒன்றுகூட இல்லை.

கேனானா, நிக்கானா?

தூங்கப் போங்கள்.

(ஓவர்லாக் டெய்லர் மறுபடி) பிரிண்ட் கொடுக்கச் சொன்னீங்க. எப்படிக் கொடுப்பது?

கலர் லேபில் நாலுக்கு ஆறு, மேட் பேப்பர். பின்பக்கம் அவர் பேர், தேதி, இடம் எழுதுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மார்க்கரில் எழுதி நன்றாகக் காய்ந்தபின் அடுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பிரதி போடுங்கள். ஒன்றை நிச்சயம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.