அலுமாரிக்குப் பின்னால் வெளிச்சம் ஏது?

கேள்வி: உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட இருக்கிறோம். ஒவ்வொரு மாரிக்கும் அறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. ஏழு வயது மகளுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா). டைட்டானியம் கலந்த பெயின்ட், வெளிச்சம் பட்டாலே பற்றீரியாவும் பங்கசும் செத்துவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். விலை கூட. அடிக்கலாமா? மகளின் கழுத்தில் தேமலும் இருக்கிறது. அதுவும் சுவரிலிருந்து வந்ததா?
– வாசகி, திருகோணமலை

பதில்: தேமலை முதலில் முடித்துவிடுவோம். அது சுவரிலிருந்து வரவில்லை. மலசீசியா என்ற பங்கசு எல்லோர் தோலிலும் சும்மா இருப்பதுதான். வெக்கையும் வியர்வையும் கூடினால் பெருகும். தேமல்தானா என்று ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். தேமல் என்றால் பூசும் மருந்தே பெரும்பாலும் போதும்.

சரி, பெயின்ட். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. டைட்டானியம் டைஒட்சைட்டில் புற ஊதாக் கதிர் பட்டால், காற்றிலுள்ள ஈரத்தையும் ஒட்சிசனையும் கொண்டு அது கடும் வீரியமான துணிக்கைகளை உண்டாக்கும். அவை பற்றீரியாவின் மென்சவ்வை அரித்துவிடும். 1985-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், இதற்கு ஏறக்குறைய 390 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி, அதாவது அந்தப் புற ஊதாக் கதிர், வேண்டும். வீட்டு எல்ஈடி பல்பில் அது கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் நைதரசன், வெள்ளி, செம்பு என்று எதையாவது சேர்த்துப் பார்க்கிறார்கள். நைதரசன் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் என்பது 2001-இல் தெரியவந்தது. ஆனால் வேகம் குறைவு. வெள்ளி சேர்த்தது இருட்டிலும் கொஞ்சம் கொல்லும். அது வெள்ளியின் குணம், டைட்டானியத்தினது அல்ல.

இன்னொன்று. உங்கள் வீட்டுச் சாதாரண வெள்ளைப் பெயின்டிலும் இதே டைட்டானியம்தான் இருக்கிறது. நம் மாவட்டத்துப் புல்மோட்டை மணலில் இருக்கிறதே இல்மனைட் என்ற கனிமம், அதிலிருந்தும் இதை எடுக்கலாம். ஆனால் பெயின்ட் தானே அரிபட்டுப் பொடியாகாமல் இருக்க, டைட்டானியத் துணிக்கைகளுக்கு அலுமினா, சிலிக்கா போன்றவற்றால் மேற்பூச்சு கொடுத்து, அந்த அரிக்கும் வேலையை அடக்கிவிடுகிறார்கள். ஆகவே டைட்டானியம் இருக்கிறது என்பது மட்டும் ஒரு பெருமையல்ல.

பங்கசு பற்றீரியாவைவிட முரடு. செல்சுவர் தடிப்பு, அது பரவுவதற்கு விடும் நுண்ணிய வித்திகள் இன்னும் உறுதி. கொல்ல அதிக நேரம் பிடிக்கும். அது பிடிக்கும் இடங்களோ அலுமாரிக்குப் பின்புறம், கட்டிலடி, மூலை. அங்கே வெளிச்சம் எப்படிப் போகும்? போய்க் கொன்றாலும், செத்த பூஞ்சணமும் முட்டு வருத்தத்தைக் கிளப்பும். கொல்வதைவிட அகற்றுவதுதான் முக்கியம். அப்புறம், இவ்வகைப் பூச்சுகள் சில, காற்றிலுள்ள வாசனைப் பொருட்களையும் தம் பசையையும் உடைக்கும்போது போர்மல்டிகைட் என்ற, மூச்சை உறுத்தும் வாயுவைச் சிறிதளவு வெளிவிடும். முட்டுள்ள பிள்ளையின் அறைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். வெயில் படும் வெளிச்சுவருக்கு வேண்டுமானால் அடியுங்கள்.

அந்தக் காசைக் கூரைக்குச் செலவழியுங்கள். ஓடு உடைந்திருக்கிறதா, பீலி அடைத்திருக்கிறதா, நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று ஒரு மேசனைக் கொண்டு பார்ப்பியுங்கள். ஈரம் நிற்காவிட்டால் எந்தப் பெயின்டும் அடுத்த மாரியைத் தாண்டாது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழை விட்ட நேரம் யன்னலைத் திறவுங்கள். நனைந்த உடுப்பை அந்த அறைக்குள் காயப்போட வேண்டாம்.

மகளுக்குத் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் தந்திருந்தால், சுகமாக இருக்கும் நாட்களிலும் நிறுத்த வேண்டாம். மூச்சு வாங்கி ஒரு வசனம் பேச முடியாமல் போனாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, உதடு நீலமானாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சுவரைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், வித்திகள் வீடெல்லாம் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். பிளீச் பாவித்தால் அமிலம் எதனோடும் கலக்கக்கூடாது. அன்றைக்கு மகளை அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு கூட்டி வந்தால் போதும்.