மங்குக்கு எழுதித் தந்த கிரீம்: கடையில் கேட்க வேண்டியதும், கண்ணாடி முன் கவனிக்க வேண்டியதும்

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரு கன்னத்திலும் மங்கு வந்தது. தோல் மருத்துவர் ஒரு கிரீம் எழுதித் தந்து, எட்டு வாரம் கழித்து வரச் சொன்னார். மங்கு நன்றாகக் குறைந்ததால் மறுபடி போகவில்லை. பழைய சீட்டைக் காட்டினாலே மருந்துக்கடையில் டியூப் தந்துவிடுகிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது இரண்டு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது, போட்டால் அடங்கிவிடுகிறது. கடைசியாக வாங்கியது போலி மருந்தா? கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா? (வாசகி, கரூர்)

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அசல் மருந்தை இத்தனை நாள் போட்டாலே இப்படித்தான் ஆகும்.

உங்கள் டியூபில் இருப்பவை மூன்று மருந்துகள். நம் நாட்டில் பெரும்பாலும் ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், டிரெடினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். முதலாவது, தோலில் கருமை உண்டாவதைத் தடுக்கும். இரண்டாவது, மேல்தோல் சீக்கிரம் உதிர்ந்து புதிதாக வளரச் செய்யும். இவை இரண்டும் எரிச்சல் தரும் என்பதால் அதை அடக்க மூன்றாவதைச் சேர்க்கிறார்கள். அது ஸ்டீராய்டு. 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் வெளியிட்ட கலவையிலிருந்து வந்த முறை இது. இதே வகைக் கிரீம் ஒன்றுக்கு 2002-இல் அந்நாட்டு மருந்துத் துறை அனுமதி தந்தபோது, முகத்து மங்குக்கு எட்டு வாரம் வரை, வெயிலைத் தவிர்த்து, சன்ஸ்கிரீனுடன் சேர்த்துப் போட வேண்டும் என்றே தந்தது. உங்கள் மருத்துவர் எட்டு வாரத்தில் வரச் சொன்னதற்குக் காரணம் புரிகிறதா? மங்கு எவ்வளவு மறைந்தது என்று பார்ப்பதற்கு மட்டுமல்ல, மருந்தை நிறுத்துவதற்கும் அந்த நாளைத்தான் குறித்திருக்கிறார்.

முகத்துத் தோல் மெல்லியது. அதில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பட்டால் இன்னும் மெலிந்து, சிவப்பு ரத்தக்குழாய்கள் நூல்போல வெளியே தெரியும். பரு வரும், பூனை முடி அதிகமாகும். கடைசியில் மருந்து இல்லாமல் தோல் இருக்க முடியாத நிலை வந்துவிடும். நீங்கள் எழுதியிருக்கும் எரிச்சலும் சிவப்பும் பெரும்பாலும் அதன் அடையாளம்தான். மருந்தைத் தடவியதும் அடங்குவதால், மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். உண்மையில் அந்த எரிச்சலை உண்டாக்குவதே அதுதான். இந்தியாவில் இப்படி வருபவர்கள் அதிகம் என்பதால், ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தோல் மருத்துவர்கள் இதைத் தனி நோயாகவே குறிப்பிடுகிறார்கள். இன்னொரு பக்கம், ஹைட்ரோகுயினோனை நெடுநாள் போட்டால் சிலருக்கு அதே இடத்தில் நீலம் கலந்த கருமை படியும். அது மங்கைவிடப் பிடிவாதமானது.

இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். பழைய டியூப்களையும் எடுத்துப் போய், எத்தனை மாதம் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது, இடையில் எரிச்சலுக்கு என்ன போடுவது என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சில வாரங்கள் சிவப்பு கூடலாம். அதைக் கண்டு பயந்து மறுபடி பழைய டியூபைத் திறந்துவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள்.

அப்புறம், கடைக்காரர் விஷயம். தவறு அவர் பக்கமும் இருக்கிறது. மருந்து விதிகளின்படி, மறுபடி தரலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து தரலாம். ஒரு காலத்தில் மேற்பூச்சு ஸ்டீராய்டுகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது. 2018-இல் அவற்றில் பலவற்றுக்கு அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறியும் கவுண்டரில் பழக்கம் மாறவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பில் இருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் புகார் தரலாம். ஆனால் முதலில் முகம், பிறகு புகார்.

கேள்வி: இதே மாதிரி ஒரு கிரீமை எனக்கு இப்போதுதான் எழுதித் தந்திருக்கிறார்கள். தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். எப்படிப் போடுவது? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இரவில் மட்டும். முகத்தைச் சாதாரண சோப்பால் கழுவித் துடைத்து, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு மங்கு உள்ள இடத்தில் மெல்லிசாகத் தடவுங்கள். முகத்தில் மங்கு உள்ள இடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அதில் பாதியே போதும் என்றால் மாதத்துக்கு ஏழெட்டு கிராம்தான் செலவாகும். 15 கிராம் டியூப் பத்து நாளில் தீர்ந்தால் அள்ளிப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். கண்ணிமை, மூக்கோரம், உதட்டோரம் வேண்டாம். காலையில் கழுவிவிடுங்கள்.

காலையில் சன்ஸ்கிரீன் போடாமல் வெளியே போனால் இரவில் போட்ட மருந்துக்குப் பயனே இல்லை. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் வாங்கி, இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்திலும் கழுத்திலும் தடவுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரால் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்தாலும் மங்கு கூடும். அதனால் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசான தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் இதற்கு இன்னும் நல்லது. மதியம் வெளியே போவதாக இருந்தால் இன்னொரு முறை போட வேண்டும். ஹெல்மெட் கண்ணாடியை நம்பி விட்டுவிடாதீர்கள், துப்பட்டாவும் கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் லேசாக உரிவதும் சுள்ளென்று இருப்பதும் சகஜம். எரிச்சல் தாங்க முடியாவிட்டால், கொப்புளமோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். இதைப் போடும் நாட்களில் பிளீச், ஃபேஷியல், முகத்தில் வேக்சிங் எதுவும் வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலும், கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தாலும், பால் கொடுத்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் டிரெடினாயின் கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், மங்குக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

டியூபை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். பிதுக்கும்போது கிரீம் பழுப்பாக வந்தால் ஹைட்ரோகுயினோன் கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் பிடரி கறுத்திருக்கிறது. என் தங்கைக்கு எழுதித் தந்த மங்கு கிரீமைப் போட்டால் வெளுக்குமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: போடாதீர்கள். பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் போல இருந்தால், அது பெரும்பாலும் உடல் எடையோடும் இன்சுலின் கோளாறோடும் சேர்ந்து வருவது. மகளுக்குத் தேவை சர்க்கரைப் பரிசோதனை. ஒருவேளை அது படர்தாமரையாக இருந்தால், இந்த ஸ்டீராய்டு அரிப்பை மட்டும் அடக்கி, படையை வெளியே தெரியாமல் பரப்பிவிடும். அடையாளம் மாறிப்போவதால் பிறகு மருத்துவருக்கே கண்டுபிடிப்பது சிரமம்.

கேள்வி: மங்கு கிரீமுக்குச் சீட்டில் ஒரு பெயர், கடையில் தந்தது வேறு பெயர். "எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். பில் கேட்டதற்குத் துண்டுத்தாளில் தொகையை எழுதித் தந்தார்கள். (வாசகர், விழுப்புரம்)

பதில்: சீட்டு இருந்தால்தான் தரக்கூடிய இந்த வகை மருந்தில், மருத்துவர் எழுதியதற்குப் பதிலாகக் கடைக்காரர் தானாக வேறொன்றைத் தரக் கூடாது, உள்ளே இருப்பது ஒன்றே என்றாலும். இது விதியிலேயே இருக்கிறது. இருப்பு இல்லையென்றால் மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மங்கு கிரீமில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு டியூப்களில் ஒன்றில் ஹைட்ரோகுயினோன் மட்டும் இருக்கும், இன்னொன்றில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டிலும் மொமெட்டசோன் வேறு, அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள குளோபெட்டசால் வேறு. அட்டைப்பெட்டியின் முன்பக்கப் பெயரை விடுங்கள், பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களையும் சதவீதத்தையும் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' குறியும் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாத மருந்து. பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் உள்ள பில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. துண்டுத்தாளை வைத்துக்கொண்டு எந்தப் புகாரையும் நிரூபிக்க முடியாது. பில் தர மறுத்தாலோ, அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

கேள்வி: பார்லரில் ஒரு டப்பா கிரீம் தந்தார்கள். பெயர், முகவரி எதுவும் இல்லை. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. தொடரலாமா? (வாசகி, ஆவடி)

பதில்: இன்றே நிறுத்துங்கள். பத்து நாளில் வெளுக்கிறது என்றால் உள்ளே வீரிய ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்க வாய்ப்பு அதிகம். கேரளத்தில் கோட்டக்கல் பக்கம், இப்படி வெளுக்கும் கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-இல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை இருந்தால் தாமதிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டப்பாவை எறிந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டவும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனைக்கு அனுப்பவும் அது வேண்டும்.