வயிற்றின் மேல் ஸ்பீக்கர் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு ஏழாவது மாதம். மொஸார்ட் இசை கேட்டால் குழந்தையின் மூளை வளரும், கற்பனைத் திறன் பெருகும் என்று மருமகன் தினமும் ஒரு மணி நேரம் அவள் வயிற்றின் மேல் ஸ்பீக்கரை வைத்துவிடுகிறார். கேட்டால் அபிமன்யு கதையைச் சொல்கிறார். பலன் இருக்குமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மருமகனுக்குப் பலன் உண்டு. கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கலாம். குழந்தைக்கு உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை.

இந்த நம்பிக்கை கிளம்பியது 1993இல். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மேலைநாட்டு இசைமேதை மொஸார்ட்டின் சொனாட்டா (பியானோவுக்கு எழுதிய இசைப் படைப்பு) ஒன்றைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டினார்கள். பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகள். மதிப்பெண் கொஞ்சம் கூடியது. கால் மணி நேரத்துக்குள் அந்தக் கூடுதலும் கரைந்துபோனது. அவ்வளவுதான் சங்கதி. அந்தச் சோதனையில் கைக்குழந்தை இல்லை, கரு இல்லை, கற்பனைத் திறனை யாரும் அளக்கவும் இல்லை. ஆனால் 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் கேட்டார். (இலவசம் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.)

அடுத்து வந்தவர்கள் மொஸார்ட்டுக்குப் பதில் ஷூபர்ட் என்ற இன்னொரு இசையமைப்பாளரைப் போட்டார்கள், அதே பலன். கதை படித்துக் காட்டினார்கள். கதைப் பிரியர்களுக்கு அதுவும் பலித்தது. அல்பினோனி என்ற இசையமைப்பாளர் பெயரில் வழங்கும் சோகமான மெல்லிசைக்கு மட்டும் பலன் இல்லை. ஆக, வேலை செய்தது மொஸார்ட் அல்ல, உற்சாகம்.

கற்பனைக்கும் மூளைக்கும் உள்ள உறவைப் பார்க்க வேண்டுமானால் 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் செய்த ஆய்வுக்குப் போக வேண்டும். வாசிக்கும்போதே கற்பனை செய்து வாசிக்கும் ஜாஸ் இசையில் தேர்ந்த ஆறு பியானோ கலைஞர்களைச் சிறிய கீபோர்டுடன் ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார்கள். பாடம் செய்ததை வாசித்தபோது ஒரு விதம். சொந்தக் கற்பனையில் வாசித்தபோது வேறு விதம். கற்பனை ஓடும்போது, நம்மை நாமே கண்காணிக்கும் முன்மூளையின் பக்கப் பகுதி அடங்கியது. நடுப் பகுதி சுறுசுறுப்பானது. அதாவது, உள்ளே உட்கார்ந்து குற்றம் பார்க்கும் மாமியார் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டார். (கோபிக்க வேண்டாம், உங்களைச் சொல்லவில்லை.) ஆறே பேரை வைத்துச் செய்தது என்பதால் இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆறு பேரும் வருஷக்கணக்கில் விரல் தேய வாசித்தவர்கள். நம் மேடையில் கல்பனாஸ்வரத்தை அந்தந்த நேரத்தில் கற்பனையாகப் பாடுகிறவரும், ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் தொண்டையைத் தேய்க்காமல் அங்கே வந்து உட்காரவில்லை. ஸ்பீக்கர் அந்த வேலையைச் செய்து கொடுக்காது.

டொரன்டோவில் 144 ஆறு வயதுக் குழந்தைகளை வைத்து உளவியலாளர் ஷெல்லன்பெர்க் நடத்திய சோதனையிலும், ஒரு வருஷம் இசை கற்றவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடச் சுமார் மூன்று புள்ளிதான் அதிகம் ஏறியது. கற்றே மூன்று புள்ளி!

ஏழாம் மாதத்தில் குழந்தைக்குக் காது கேட்கும் என்பது உண்மை. பிறந்த சிசு, மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுகிறது என்பதும் சோதித்துப் பார்த்த விஷயம். அதனால் ஸ்பீக்கரை எடுத்துக் கூடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மகளுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்குமோ அது ஓடட்டும், அவளே பாடினால் இன்னும் நல்லது. மருமகனிடம் ஒன்று சொல்லுங்கள்: அபிமன்யு கேட்டதும் வீட்டு மனிதர்களின் பேச்சைத்தான்.